இரு போர்களுக்கு இடையே பிரித்தானியாவிலிருந்து பண்ணைகளுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள்: உதவியா, ஆள் சேர்ப்பா?

நூலகத்து மூலை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் பிரித்தானியச் சமூக வரலாற்றைச் சில மாதங்களாக வாசித்துவருகிறேன். பதினான்கு, பதினைந்து வயது முதல் பத்தொன்பது வயது வரையிலான ஆயிரக்கணக்கான சிறுவர்கள், பெற்றோரும் உடன்பிறந்தாரும் இல்லாமல் தனியே கப்பலேறி ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பண்ணைகளுக்கு வேலைக்குச் சென்ற வரலாற்றுக்கு வந்த பிறகு, அதைத் தாண்டி அடுத்த இயலுக்குப் போக மனம் வரவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1922-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் பேரரசுக் குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. முதல் ஆண்டில் 15 லட்சம் பவுண்டும், அதன்பின் ஆண்டுதோறும் 30 லட்சம் பவுண்டும் வரை, பதினைந்து ஆண்டுகளுக்குச் செலவிட அது அரசுக்கு அதிகாரம் அளித்தது. கப்பல் கட்டணம், பயிற்சி, நிலத்தில் குடியமர்த்தல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவில் பாதிக்கு மேற்படாத தொகையைப் பிரித்தானியா ஏற்கும். மீதியை அந்தந்த நாட்டு அரசோ தொண்டு அமைப்போ ஏற்க வேண்டும். இந்த ஏற்பாட்டின்கீழ் 1936 வரை ஏறத்தாழ 4 லட்சம் பேர் சென்றார்கள். குடும்பங்களும், வீட்டு வேலைக்குச் சென்ற பெண்களும் இதில் அடக்கம் என்றாலும், ஏற்கும் நாடுகள் மிகவும் விரும்பிக் கேட்டது தனித்து வரும் இளைஞர்களைத்தான்.

என் கேள்வி இதுதான். எல்லா ஆவணங்களிலும் 'உதவி பெற்ற குடிபெயர்வு' என்றே எழுதப்பட்டிருக்கிறது. யார் யாருக்குச் செய்த உதவி என்று பார்த்தால், பண்ணைக்காரருக்குக் குறைந்த கூலியில் ஆள் கிடைத்தது, பிரித்தானிய அரசுக்கு வேலையற்றோர் எண்ணிக்கை குறைந்தது, குடியேற்ற நாட்டுக்கு வெள்ளையர் தொகை கூடியது. சிறுவனுக்கு என்ன கிடைத்தது? இதை உதவி என்று கொள்வதா, ஆள் சேர்ப்பு என்று கொள்வதா?

தராசு (சென்னை)

நல்ல கேள்வி. ஆனால் அந்தச் சிறுவன் எதை விட்டுச் சென்றான் என்பதையும் தட்டில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

1921-இன் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அன்று பள்ளியை விடும் வயது பதினான்கு. பதினான்கில் வெளியே வந்த பையனுக்கு வேலை கிடைக்கவே செய்தது. கடையில் எடுபிடி, வண்டியில் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தல், ஆலையில் நூற்கண்டு மாற்றுதல் போன்ற வேலைகள் அவை. அவனுக்குப் பதினாறோ பதினெட்டோ ஆகி, முழுக் கூலியும் காப்பீட்டுச் சந்தாவும் கொடுக்க வேண்டிய வயது வந்ததும், முதலாளி அவனை அனுப்பிவிட்டு மற்றொரு பதினான்கு வயதுப் பையனைச் சேர்த்துக்கொள்வார். இத்தகைய வேலைகளை முட்டுச்சந்து வேலைகள் என்றே அக்காலத்தவர் அழைத்தார்கள். நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளில் அதுவும் கிடைக்கவில்லை. கைத்தொழில் எதுவும் கற்காமல், வேலையும் இழந்து, பதினேழு வயதில் தெருமுனையில் நின்ற ஒருவனிடம், கடலுக்கு அப்பால் வெயிலும் இறைச்சியும் சொந்த நிலமும் காத்திருக்கின்றன என்று சொல்லும் வண்ணச் சுவரொட்டி எதைச் செய்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். பலரை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அவர்களே வரிசையில் நின்று மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, தேர்வாகாதபோது வருந்தித் திரும்பியிருக்கிறார்கள்.

ஆகவே சுவரொட்டி பொய் சொன்னதா என்பதுதான் கேள்வியாக இருக்க முடியும். அனுப்பியதையே குற்றம் என்று தொடங்கினால் அந்தப் பையனின் விருப்பத்தை நாம் மதிக்கவில்லை என்று ஆகிவிடும்.

நீலமலை (சிட்னி)

சிட்னிக்கு வடமேற்கே, வின்ட்சர் நகருக்கு அருகில் நான் வசிக்கிறேன். இவ்வுரையாடலில் பேசப்படும் சிறுவர்களில் பல ஆயிரம் பேர் முதன்முதலில் மாட்டைத் தொட்ட இடம் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அவ்விடத்தின் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் ஷேவில் என்பார்கள். ஊர்க்காரர்கள் 'ஸ்கைவில்' என்றுதான் சொல்கிறார்கள். வில்லியம் ஸ்கை என்ற அதிகாரியின் பெயரால் அமைந்தது. இன்று அது ஒரு தேசியப் பூங்கா.

அங்கே நடந்த ட்ரெட்நாட் திட்டத்தின் பிறப்பே விசித்திரமானது. 1909-இல், ஜெர்மனியின் கடற்படை வளர்ச்சியைக் கண்டு அஞ்சி, பிரித்தானியாவுக்கு ஒரு ட்ரெட்நாட் வகைப் போர்க்கப்பலை அன்பளிப்பாக வாங்கித்தர நியூ சவுத் வேல்ஸ் மக்கள் நன்கொடை திரட்டினார்கள். இதற்கிடையே ஆஸ்திரேலிய அரசு தன் சொந்தக் கடற்படையை அமைக்க முடிவெடுத்துவிட்டதால், அன்பளிப்புக் கப்பலுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. திரண்ட பணத்தில் ஒரு பங்கு கடற்படைக் கல்லூரிக்குச் சென்றது. மறு பங்கு பிரித்தானியச் சிறுவர்களை வரவழைத்துப் பண்ணை வேலை பழக்குவதற்கு ஒதுக்கப்பட்டது. கப்பல் வாங்கச் சேர்த்த பணத்தில் பையன்கள் வந்தார்கள். 1911-இல் தொடங்கி, போர்க்காலத்தில் நின்று, மீண்டும் நடந்து, 1939-க்குள் ஏறத்தாழ 7,500 பேர் வந்து சேர்ந்தார்கள்.

சென்ற ஆண்டு ஒரு கோடைக்காலப் பிற்பகலில் அங்கே நடந்து சென்றேன். இரும்புப்பட்டை மரங்கள் என்று இங்கே சொல்லப்படும் யூகலிப்டஸ் மரங்கள். கறுத்து, வெடித்துப் பிளந்த பட்டை. நிழல் என்று ஒன்று தரையில் விழுகிறதா என்றே ஐயுறும்படி மெலிந்த இலைகள். மண் களிமண்ணாக இறுகிக் கிடந்தது. காலணியால் கீறிப் பார்த்தேன், கீறல் விழவில்லை. லிவர்பூலிலிருந்தோ கிழக்கு லண்டனிலிருந்தோ வந்த ஒருவனுக்கு இங்கே ஏறத்தாழ மூன்று மாதப் பயிற்சி அளித்தார்கள். விடியும் முன் எழுந்து பால் கறப்பது, குதிரைக்குச் சேணம் பூட்டுவது, ஏர் பிடிப்பது, கோடரி பிடிப்பது, வேலி நடுவது ஆகியவற்றை அவன் கற்க வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் ரயில் ஏற்றி உள்நாட்டுப் பண்ணை ஒன்றுக்கு அனுப்பிவிடுவார்கள். நிலையத்தில் பண்ணைக்காரர் வண்டியோடு காத்திருப்பார்.

பண்ணையில் என்ன வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் 'பண்ணை' என்றதும் நமக்கு வயலும் வரப்பும் கண்முன் வரும். பால் பண்ணையாயின் காலையும் மாலையும், ஞாயிறு உட்பட, இருபது முப்பது மாடுகளைக் கையால் கறக்க வேண்டும். கோதுமை, ஆட்டுப் பண்ணையாயின் காடு அழிக்கும் வேலை முதன்மையானது. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்குப் பதிலாக, அடிமரத்தைச் சுற்றி ஒரு பட்டை அகலத்துக்குத் தோலை உரித்துவிடுவார்கள். மரம் நின்றபடியே ஓரிரு ஆண்டுகளில் பட்டுப்போகும். வெளிறிய செத்த மரங்கள் நிற்கும் வெளியில் ஆடுகள் மேயும். பிறகு வேர்க்கட்டைகளைத் தோண்டி எரிக்க வேண்டும், முயல்களுக்குப் பொறி வைக்க வேண்டும். கூலி வாரத்துக்குப் பத்து, பதினைந்து ஷில்லிங், சாப்பாடும் படுக்கையும் சேர்த்து. படுக்கை சில இடங்களில் வீட்டுக்குள், பல இடங்களில் கொட்டகையில்.

பனிவாசல் (டொரன்டோ)

தராசு அவர்கள் 'யாரும் பிடித்துத் தள்ளவில்லை' என்கிறார். ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற பதினேழு வயதினருக்கு அது பொருந்தலாம். கனடாவின் கதை வேறு.

இங்கே 1869-லேயே இது தொடங்கிவிட்டது. பர்னார்டோ இல்லங்களைப் போன்ற தொண்டு நிறுவனங்கள், அநாதைகள் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளை (பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள்) கூட்டம் கூட்டமாக அனுப்பின; 1930-கள் வரை ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள்கூட ஒன்டாரியோ பண்ணைகளுக்குப் போனார்கள். போருக்குப் பிறகும் இது தொடர்ந்தது. 1923-24 குளிர்காலத்தில், பண்ணைகளில் இருந்த சிறுவர்கள் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவனின் சாவில் பண்ணைக்காரர் மீது வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. செய்தி லண்டனை எட்டியது.

அப்போது ஆட்சியில் இருந்த தொழிற்கட்சி அரசு, 1924 இலையுதிர் காலத்தில் மார்கரெட் பான்ட்ஃபீல்ட் தலைமையில் ஒரு குழுவைக் கனடாவுக்கு அனுப்பியது. (பின்னர் 1929-இல் பிரித்தானியாவின் முதல் பெண் அமைச்சரவை உறுப்பினரானவர் இவரே.) கனடாவில் வாய்ப்புகள் இருப்பதைக் குழு மறுக்கவில்லை. ஆனால் பள்ளி வயதுப் பிள்ளைகள் வேலைக்காகவே பெறப்படுகிறார்கள் என்பதைத் தெளிவாகக் கண்டு, பள்ளி விடும் வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பெற்றோர் இன்றி அனுப்பக்கூடாது என்று பரிந்துரைத்தது. 1925-இல் கனடா பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைத் தனியே ஏற்பதை நிறுத்தியது. 1928-இல் தடை நிரந்தரமானது.

இதில் கவனிக்க வேண்டியது, தடை பதினான்கு வயதுக் கோட்டில் நின்றுவிட்டது என்பதைத்தான். பதினைந்து வயதுப் பையன் அடுத்த கப்பலிலும் வந்தான். அதே பண்ணைக்குத்தான் வந்தான். குளிரும் மாறவில்லை, கொட்டகையும் மாறவில்லை.

டொரன்டோவின் மேற்குப் புறத்தில் பார்க் லான் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே இவ்வாறு வந்த 75 பேர் பெயர்க்கல் இல்லாமல் புதைக்கப்பட்டிருந்தார்கள். 2017-இல்தான் அவர்கள் பெயர்களைப் பொறித்த நினைவுக்கல் எழுப்பப்பட்டது. நானும் என் துணைவியும் ஒரு நாள் போய்ப் பார்த்தோம். பெயர்களை வாய்விட்டு வாசித்துக்கொண்டே போன அவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

தராசு (சென்னை)

பனிவாசல் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். பத்து வயதுப் பிள்ளையின் விருப்பம் என்று ஒன்று இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் விவாதம் தெளியாது. சிறுவர் குடிபெயர்வு வேறு, இளைஞர் குடிபெயர்வு வேறு. சட்டமும் நிறுவனங்களும்கூடப் பெரும்பாலும் வேறு.

நல்ல முறையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் நியூசிலாந்தின் கம்பளி முழுவதையும் பிரித்தானிய அரசே விலைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு அதை விற்றதில் வந்த உபரி இலாபத்தின் பங்கு ஆட்டுப் பண்ணையாளர்களுக்குக் கிடைத்தபோது, தங்கள் கம்பளியைக் கடலில் காத்த மாலுமிகளுக்குத் தாங்கள் கடன்பட்டிருப்பதாகக் கருதி, அவர்கள் அதில் ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். அந்நிதியைக் கொண்டு 1923-இல் புல்ஸ் என்ற ஊருக்கு அருகில் ஃப்ளாக் ஹவுஸ் என்ற பெரும் பண்ணையை வாங்கி, போரில் இறந்த அல்லது ஊனமுற்ற பிரித்தானிய மாலுமிகளின் மகன்களை 1924 முதல் வரவழைத்துப் பயிற்சி தந்தார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பால்மர்ஸ்டன் நார்த் அருகே தனி இல்லம் அமைந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட சிறுவர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களும் வந்தார்கள். இங்கே பயிற்சி தந்தவர்களும் வேலை தந்தவர்களும் ஒரே வட்டத்தினர். பையன் எந்தப் பண்ணையில் இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். அவனுக்குத் தொல்லை நேர்ந்தால் அவர்களின் பெயர்தான் கெடும்.

கோட்டைத்துறை (கொழும்பு)

தமிழ் வாசகருக்கு இக்கதை தொலைவானது என்று தோன்றலாம். ஆனால் சூயஸ் வழியாகச் சென்ற ஓரியன்ட் நிறுவனத்தின் கப்பல்களும், 'பே' என்று முடியும் பெயர் கொண்ட ஆஸ்திரேலிய அரசின் கப்பல்களும் எங்கள் துறைமுகத்தில் நின்றுதான் சென்றன. நன்னம்பிக்கை முனை வழியாகச் சென்ற பி அண்ட் ஓ குடியேற்றக் கப்பல்களில் போனவர்கள் கொழும்பைப் பார்க்கவில்லை. பெருந்தோட்டத்துக்கு வேலைக்கு வந்த தமிழகத்துப் பிள்ளைகளும், பண்ணைக்கு வேலைக்குப் போன லண்டன் பிள்ளைகளும் ஒரே பேரரசின் இருவேறு படிவங்களில் கையொப்பமோ கைநாட்டோ இட்டிருந்தார்கள்.

மற்றொரு பொருத்தம் உண்டு. பேரரசுக் குடியேற்றச் சட்டம் வந்த அதே 1922-இல்தான் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் வந்தது. பயிற்சியற்ற தொழிலாளரை அரசு இசைவளித்த நாடுகளுக்கு மட்டுமே அழைத்துச் செல்லலாம் என்று அது வரையறுத்தது. அச்சட்டத்தின்கீழ் இலங்கையிலும் மலாயாவிலும் இந்திய அரசின் முகவர் தலா ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் எவ்வளவு செய்தார், தோட்டத்துரையின் விருந்துக்குப் போய்வந்தாரா என்பது தனி விவாதம். முறையிட ஒரு பெயரும் ஓர் அலுவலகமும் இருந்தன என்பது மட்டும் உறுதி. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் இருந்த அந்த ஆங்கிலேயப் பையனுக்கு இதற்கு இணையாக என்ன இருந்தது என்பதை நீலமலை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நூலகத்து மூலை (மதுரை)

ஒப்பீடு பயனுள்ளது, ஆயினும் வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை நடப்பில் இருந்த நாட்டில் அந்தப் பையன் வருக என்று அழைக்கப்பட்டவன், நம்மவர் கதவிலேயே நிறுத்தப்பட்டவர் என்ற வேறுபாட்டை மறக்க வேண்டாம். அந்த எல்லையோடு கேள்வியை ஏற்கிறேன். யாரிடம் முறையிடுவது?

நீலமலை (சிட்னி)

இதற்கு அக்காலத்தவர் கண்ட விடைகளில் புகழ்பெற்றது 'பெரிய அண்ணன் இயக்கம்'. மெல்போர்ன் வணிகர் ரிச்சர்ட் லின்டன் 1925-இல் தொடங்கியது. வரும் ஒவ்வொரு பையனும் 'தம்பி'. அவனுக்கு ஆஸ்திரேலியக் குடிமகன் ஒருவர் 'அண்ணன்'. அண்ணன் கடிதம் எழுதுவார், அறிவுரை சொல்வார், வேலையில் சிக்கல் வந்தால் தலையிடுவார். தம்பி மது அருந்தக்கூடாது, சூதாடக்கூடாது, அறிவுரை கேட்க வேண்டும். முதல் தம்பிகள் ஜெர்விஸ் பே என்ற கப்பலில் வந்தார்கள். (அதே கப்பல்தான் 1940 நவம்பரில், ஒரு வணிகக் கப்பல் தொடரைக் காப்பதற்காக ஜெர்மன் போர்க்கப்பலை எதிர்த்து நின்று அட்லான்டிக்கில் மூழ்கியது.)

எண்ணம் நல்லதே. நம் ஊர்க்காரருக்கு அண்ணன், தம்பி என்ற சொற்களின் எடை தெரியும். ஆனால் அண்ணன் நகரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் பெரிய மனிதர். தம்பியோ முந்நூறு மைல் தொலைவில், தொலைபேசி இல்லாத பண்ணையில் இருக்கிறான். தபால் வாரம் ஒருமுறை வரும், அதுவும் பண்ணைக்காரரின் கைவழியே. பண்ணைக்காரரைப் பற்றிக் குறை எழுதிய கடிதத்தை அஞ்சலில் சேர்க்க அவரிடமே கொடுக்க வேண்டும் என்றால் எத்தனை பையன்கள் எழுதியிருப்பார்கள்?

தென் ஆஸ்திரேலியாவில் வேறொரு வழி. முதல்வர் ஹென்றி பார்வெல், போரில் இறந்த தென் ஆஸ்திரேலியர்களுக்கு ஈடாக 6,000 பிரித்தானியச் சிறுவர்களைக் கொண்டுவருவதாக அறிவித்தார். இறந்தவன் இடத்தில் இன்னொருவனை இட்டு நிரப்பும் இந்தக் கணக்கு அன்று யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. பையன்கள் மூன்று ஆண்டுப் பயிற்சி ஒப்பந்தத்தில் பிணைக்கப்பட்டார்கள்; அரசே காப்பாளர்; கூலியின் பெரும்பகுதி அரசிடம் சேமிப்பாகச் சேரும், கையில் கிடைப்பது செலவுக்காசு மட்டும். சேமிப்பு நல்ல பழக்கம்தான். ஆனால் கையில் காசில்லாதவனால் ரயில் சீட்டு வாங்க முடியாது. ஓடிப்போகவும் முடியாது. உள்ளூர்த் தொழிற்சங்கங்கள் இதை மலிவுக் கூலி என்று எதிர்த்தன. 1924-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் திட்டம் நின்றது. அறிவித்த எண்ணிக்கையில் நாலில் ஒரு பங்கு அளவே வந்திருந்தார்கள்.

தராசு (சென்னை)

கூலியைப் பிடித்து வைத்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பதினாறு வயதுப் பையனிடம் முழுக் கூலியையும் கொடுத்திருந்தால் அருகிலுள்ள சிற்றூரின் மதுக்கடையில் அது போயிருக்கும் என்று அன்றைய பெற்றோரே அஞ்சினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேமிப்பின் நோக்கம் நிலம் வாங்குவது. அந்த வாக்குறுதி எவ்வளவு நிறைவேறியது என்பதைக் கணக்கிட்டால் விவாதம் ஒரு கரையைக் காணும்.

நூலகத்து மூலை (மதுரை)

கணக்கிடுவோம். நீலமலை சொன்ன கூலியில் மேல்வரம்பையே எடுத்துக்கொள்கிறேன். வாரம் 15 ஷில்லிங் என்றால் ஆண்டுக்கு 780 ஷில்லிங், அதாவது 39 பவுண்டு. உடைக்கும் காலணிக்கும் புகையிலைக்கும் பாதி போக, ஆண்டுக்கு 20 பவுண்டு மிஞ்சினால் அவன் சிக்கனமானவன். நோயோ வேலை இழப்போ இல்லாமல் ஐந்து ஆண்டு உழைத்தால் 100 பவுண்டு. நிலம், வேலி, குதிரை, கலப்பை, விதை, முதல் விளைச்சல் வரும்வரை உணவு, இவை எல்லாவற்றுக்கும் அது முன்பணமாகக்கூடப் போதாது.

இதை அரசுகளும் அறிந்தே இருந்தன. 1928-இல் கனடாவில் ஓர் ஏற்பாடு வந்தது: குடியேறிய பையன் 500 டாலர் சேமித்துக் காட்டினால், இருபத்தோரு வயதில் பண்ணை வாங்க 2,500 டாலர் வரை கடன் கிடைக்கும். மாதம் 10 டாலர் கூலி என்று வைத்தால், ஒரு சென்ட்கூடச் செலவழிக்காமல் ஐம்பது மாதம் சேமிக்க வேண்டும். சிலர் செய்திருக்கலாம், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அறிவிப்பு வந்து ஓராண்டு கழிந்ததும் பங்குச் சந்தை சரிந்து, கோதுமை விலை அதள பாதாளத்துக்குப் போயிற்று. கடன் வாங்கி நிலம் வாங்கியவனே முதலில் மூழ்கினான்.

ஆகவே சுவரொட்டி பொய் சொன்னதா என்ற தராசு அவர்களின் கேள்விக்கு என் விடை: வேலை உண்டு என்றது மெய்; நிலம் உண்டு என்றது, பெரும்பாலோரைப் பொறுத்தவரை, பொய்.

பனிவாசல் (டொரன்டோ)

பெண் பிள்ளைகளைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. 1921 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ 17 லட்சம் அதிகம் என்று தெரிந்ததும், 'உபரிப் பெண்கள்' என்று நாளேடுகள் எழுதத் தொடங்கின. அவர்களுக்குக் காட்டப்பட்ட ஒரே வழி வீட்டு வேலை. மார்க்கெட் ஹார்பரோவில் வேலையற்ற இளம்பெண்களுக்குச் சமையலும் சலவையும் பழக்கும் பயிற்சி விடுதி நடந்தது. பண்ணை வீட்டில் வேலைக்காரப் பெண் தனியாள். பையனுக்காவது வயலில் இன்னொரு கூலிக்காரன் பேச்சுத் துணைக்கு இருக்கலாம்; அவளுக்கு அடுப்படிதான்.

நீலமலை (சிட்னி)

முடிவு எப்படி வந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். 1925-இல் ஆஸ்திரேலியாவும் பிரித்தானியாவும் 340 லட்சம் பவுண்டு கடன் ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. மலிவு வட்டியில் கடன். கைம்மாறாக ஒவ்வொரு 75 பவுண்டுக்கும் ஒரு குடியேறி என்ற கணக்கில், பத்து ஆண்டில் 4,50,000 பேர். தலைக்கு 75 பவுண்டு என்று மனிதரைக் கடன் பத்திரத்தில் எழுதிய ஒப்பந்தம் அது. இலக்கின் அருகில்கூட அது போகவில்லை. 1930-இல் உதவிப் பயணம் ஏறத்தாழ முற்றிலும் நின்றது. 1932-இல் ஆஸ்திரேலியத் தொழிற்சங்க உறுப்பினர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு வேலை இல்லை. பண்ணைக்காரர் முதலில் நிறுத்தியது கூலியாளைத்தான். 1930-களில் பிரித்தானியாவை விட்டுச் சென்றவர்களைவிடத் திரும்பி வந்தவர்கள் அதிகம். திரும்பக் கட்டணம் இல்லாத பையன்கள் தோளில் மூட்டையோடு ஊர் ஊராக வேலை தேடி நடந்தார்கள். 1939-இல் போர் வந்ததும் பலர் ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்தார்கள்.

கோட்டைத்துறை (கொழும்பு)

2009 நவம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும், 2010 பிப்ரவரியில் பிரித்தானியப் பிரதமர் கார்டன் பிரவுனும் மன்னிப்புக் கேட்டார்களே, அது இவர்களுக்கும் சேர்த்தா?

பனிவாசல் (டொரன்டோ)

முதன்மையாகச் சிறு வயதிலேயே இல்லங்களுக்கும் பண்ணைப் பள்ளிகளுக்கும் அனுப்பப்பட்டவர்களை எண்ணிக் கேட்டது அது. கிங்ஸ்லி ஃபேர்பிரிட்ஜ் 1912-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பின்ஜாராவில் தொடங்கிய பண்ணைப் பள்ளியும், அதைப் பார்த்து 1930-களில் வான்கூவர் தீவிலும் மோலாங்கிலும் எழுந்தவையும் அந்த வகை. பதினேழு வயதில் தன் கையொப்பத்தோடு சென்றவன் தொழிலாளி என்ற பிரிவில் விழுந்துவிட்டான். தராசு அவர்கள் பிரித்துக் காட்டிய அதே கோடு இங்கேயும் வேலை செய்கிறது.

தராசு (சென்னை)

அந்தக் கோட்டை நான் போட்டது விருப்பத்தைக் கருதி. இப்போது யோசித்துப் பார்த்தால், கப்பலேறும் நாளில் அது சரியான கோடு; பண்ணை வாயிலில் இறங்கிய மறுநாளிலிருந்து பதினான்குக்கும் பதினேழுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஃப்ளாக் ஹவுஸை நான் நல்ல எடுத்துக்காட்டாகச் சொன்னதன் காரணமும், யோசித்தால், அங்கே யாரோ ஒருவர் போய்ப் பார்த்தார் என்பதுதான். மற்ற இடங்களில் அரசு அதிகாரியோ அமைப்பின் ஆளோ போய்ப் பார்க்கவில்லையா?

நீலமலை (சிட்னி)

போனார்கள். எங்கள் தெருவில் எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். அவருடைய தந்தை 1920-களின் பிற்பகுதியில் ஸ்கைவிலில் பயின்றவர். தந்தையின் தகரப் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறார். மூடியின்மீது கப்பல் நிறுவனம் ஒட்டிய சீட்டு பாதி கிழிந்து நிற்கிறது: 'பயணத்தில் தேவைப்படாதது'. அடித்தளத்தில் அடுக்க வேண்டிய பெட்டிகளுக்கு ஒட்டும் சீட்டு அது.

தராசு அவர்களின் கேள்வியை நேற்று மாலை அவரிடமே கேட்டேன். தந்தை சொன்னதாக அவர் சொன்னது: பண்ணையில் இரண்டு ஆண்டு இருந்தார், அதிகாரி ஒருமுறை வந்தார். வருவதாக முன்கூட்டியே கடிதம் வந்திருந்தது. அன்று காலை பண்ணைக்காரரின் மனைவி அவரைக் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் அழைத்து, தன் மகனுடைய வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொடுத்து அணியச் சொன்னார். கூடத்து மேசையில் நால்வரும் அமர்ந்து தேநீர் அருந்தினார்கள். மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று அதிகாரி கேட்டார், இருக்கிறேன் என்று இவர் சொன்னார், அதிகாரி குறித்துக்கொண்டார். மோட்டார் வண்டியின் புழுதி அடங்கியதும் அந்த அம்மாள் கையை நீட்டினார், இவர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மாலைக் கறவைக்குப் போனார்.